உங்கள் திருத்தம் ஏன் நீக்கப்பட்டது? விக்கிப்பீடியாவை வாசிப்பதும் தொகுப்பதும்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒரு கலைக்களஞ்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது முதலாவது. மறைந்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் அவர் பிறந்த ஆண்டு தவறாக இருந்ததைக் கண்டு, அவர் உங்கள் தாத்தாவின் நெருங்கிய நண்பர் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சரியான ஆண்டை நீங்கள் இட்டும், பத்தே நிமிடத்தில் அது பழையபடி மாற்றப்பட்டது ஏன் என்பது இரண்டாவது. ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக் கூடாது என்று உங்கள் நெறியாளர் சொல்வது நியாயமா என்பது மூன்றாவது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். என்னுடைய முதல் திருத்தமும் இதேபோல் நீக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அச்சில் வந்த கலைக்களஞ்சியங்களை நாம் நம்பியதற்குக் காரணம் அவற்றின் ஆசிரியர் குழு. இன்னின்ன பேராசிரியர்கள் எழுதினார்கள், இன்னார் சரிபார்த்தார் என்ற செய்தி முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பெயர்களின் மேல் வைத்த நம்பிக்கையே நூலின் மேல் வைத்த நம்பிக்கையாகும். விக்கிப்பீடியாவில் அப்படி நம்புவதற்கு ஒருவரும் இல்லை. அங்கே எழுதுபவர் நோபல் பரிசு பெற்றவராகவும் இருக்கலாம், பள்ளி மாணவராகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்கும் வழியும் கிடையாது. எனவே நம்பிக்கை வைக்கும் இடத்தை அங்கே தொகுப்பவர்கள் எழுதுபவரிடமிருந்து எழுதப்பட்ட வாக்கியத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனக்குப் பின்னால் ஒரு சான்றை வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றை முன்பின் அறியாத ஒருவர் தேடிப்போய்ப் பார்க்க முடிய வேண்டும். விக்கிப்பீடியாவில் நீங்கள் சந்திக்கும் எல்லா விதிகளும், எரிச்சலூட்டுபவை உட்பட, இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவையே.

இந்த மாற்றம் திட்டமிட்டு நடந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் தொடங்கியது நூபீடியா என்ற கலைக்களஞ்சியம். துறை வல்லுநர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்புக்குப் பிறகே ஒரு கட்டுரை வெளிவரும் என்பது அதன் ஏற்பாடு. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது, கட்டுரைகள்தாம் வரவில்லை. முதல் ஓராண்டில் முடிந்தவை இருபத்தைந்தைக்கூடத் தொடவில்லை. அதற்கு முன்பே, 1995இல், வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர், படிப்பவரே பக்கத்தை மாற்றிவிடக்கூடிய ஒரு வலைத்தளத்தை உருவாக்கி, ஹவாய் மொழியில் விரைவு என்று பொருள்படும் 'விக்கி' என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்திருந்தார். நூபீடியாவுக்குக் கட்டுரைகளை வரைவு நிலையில் திரட்டித் தரும் துணைத் தளமாக அந்த முறையில் 2001 சனவரி 15 அன்று தொடங்கப்பட்டதே விக்கிப்பீடியா. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. துணைக்கு வந்தது தலைமையை எடுத்துக்கொள்ள, நூபீடியா 2003இல் மூடப்பட்டது. அதே 2003இல்தான் இதை நடத்தும் இலாபநோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளையும் தோன்றியது, தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. வல்லுநர் குழு போய்விட்ட வெற்றிடத்தில் நிற்பதற்காகவே சான்று என்ற ஏற்பாடு படிப்படியாக வலுப்பெற்றது. தொடக்கக் காலக் கட்டுரைகளின் பழைய வடிவங்களை இப்போது திறந்து பார்த்தால் அடிக்குறிப்பே இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைக் காணலாம்.

பழைய வடிவங்களையும் பார்க்கலாம் என்பதையே பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. கட்டுரையின் மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்றொரு தத்தல் (tab) இருக்கிறது. அதைச் சொடுக்கினால் கட்டுரை பிறந்த நாளிலிருந்து இன்றுவரை நடந்த மாற்றங்கள், நிருவாகிகள் மறைத்துவைத்த மிகச் சில நீங்கலாக, வரிசையாக வந்து நிற்கும். ஒரு வரியை எடுத்துக்கொண்டு பாருங்கள். முதலில் நேரமும் நாளும். அடுத்து மாற்றியவரின் பயனர் பெயர். அதன் பிறகு பக்கத்தின் அளவு எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது என்பதைப் பச்சையிலோ சிவப்பிலோ காட்டும் ஓர் எண். கடைசியில் மாற்றியவர் காரணமாக எழுதிய சிறு குறிப்பு. சிவப்பு நிறத்தில் நாலாயிரம் பைட்டு குறைந்திருந்து, குறிப்பு வெற்றாக இருந்தால், யாரோ ஒரு பத்தியையே சத்தமில்லாமல் எடுத்திருக்கிறார் என்று பொருள். ஒரே பயனர் ஒரே மாலையில் முப்பது முறை மாற்றியிருந்தால், அவர் உழைப்பாளியாகவும் இருக்கலாம், கட்டுரையைத் தன் பக்கம் இழுப்பவராகவும் இருக்கலாம். இரண்டு வடிவங்களைத் தேர்ந்து ஒப்பிட்டால் இடப்பக்கம் பழையதும் வலப்பக்கம் புதியதுமாக வந்து, மாறிய சொற்கள் வண்ணமிட்டுக் காட்டப்படும். எது நடந்தது என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து 'உரையாடல்' பக்கம். சர்ச்சைக்குரிய பொருள் எதுவாயினும் நான் கட்டுரையைப் படிப்பதற்கு முன் இதைத்தான் படிப்பேன். எந்தச் சொல்லுக்காகச் சண்டை நடந்தது, எந்தச் சான்று ஏற்கப்படவில்லை, எந்த வாக்கியம் ஐந்தாறு பேர் பேரம் பேசி எழுதியது என்பதெல்லாம் அங்கே கிடக்கும். சுற்றி வளைத்து, 'என்று சிலரும் அவ்வாறல்ல என்று வேறு சிலரும் கருதுகின்றனர்' என்று முடியும் ஒரு வாக்கியம் கட்டுரையில் உங்களுக்குச் சலிப்பூட்டினால், அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதை உரையாடல் பக்கம் சொல்லும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். தேர் கட்டுரைப் பக்கத்தில் தெரிகிறது, ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தது உரையாடல் பக்கத்தில் தெரிகிறது.

இனி உங்கள் திருத்தத்துக்கு வருகிறேன். உங்கள் திருத்தத்தை மாற்றியவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் 'அண்மைய மாற்றங்கள்' பட்டியலையோ தம் கவனிப்புப் பட்டியலையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு புதிய கணக்கு, ஒரு கட்டுரையில் ஓர் ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறது, காரணம் எழுதவில்லை, சான்று தரவில்லை, முன்பு இருந்த ஆண்டுக்கு ஏற்கெனவே ஒரு நூல் அடிக்குறிப்பாக இருக்கிறது. விக்கிப்பீடியாவில் நடக்கும் விசமத் தொகுப்புகளில் மிக நயவஞ்சகமானது, யாரும் கவனிக்காதபடி எண்களை மாற்றிவிட்டுப் போவது. கெட்ட வார்த்தை எழுதினால் தானியங்கியே பிடித்துவிடும். 1931ஐ 1929 ஆக்கினால் பிடிக்க மனிதக் கண் வேண்டும். உங்கள் நல்லெண்ணத் திருத்தமும் அந்த விசமமும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அச்சாக ஒரே மாதிரி தெரியும். நீங்கள் இட்டது உண்மையா பொய்யா என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்பளிக்க அவரிடம் ஒன்றுமில்லை என்பதால்தான் பழைய நிலைக்குத் திருப்பினார்.

இங்கே பலருக்கும் ஒரு மனத்தாங்கல் வரும். எனக்கு நேரில் தெரிந்த உண்மையைவிட ஏதோ ஒரு நூலில் அச்சான தவறு பெரிதா என்று கேட்பார்கள். விக்கிப்பீடியா உண்மையை மறுக்கவில்லை. உண்மையை வாசகர் தாமே சரிபார்க்க முடிய வேண்டும் என்கிறது. உங்கள் நினைவை என்னால் சரிபார்க்க முடியாது. பத்து ஆண்டு கழித்து வரும் ஒருவராலும் முடியாது. இதனோடு சேர்ந்த இன்னொரு விதி, சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்பது. இரண்டு நூல்களில் உள்ள இரண்டு செய்திகளைச் சேர்த்து, அவை இரண்டுமே சொல்லாத ஒரு மூன்றாவது முடிவை நீங்கள் வருவித்தால், அந்த முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கான இடம் ஆய்விதழ். அது அங்கே வெளிவந்த பிறகு விக்கிப்பீடியாவுக்கு வரலாம். மூன்றாவது விதி நடுநிலை நோக்கு. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லாத் தரப்புக்கும் சமபங்கு தருவது நடுநிலையாகாது. நம்பத்தகுந்த சான்றுகளில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு இடம் தருவதே நடுநிலை. உலகம் தட்டை என்பவருக்குப் பூமியைப் பற்றிய கட்டுரையில் பாதிப் பக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

சான்றுகள் தம்முள் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு எவரெசுட்டு மலையின் உயரத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1950களில் இந்திய நில அளவைத் துறை கணித்த 8,848 மீட்டர் நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. 1999இல் அமெரிக்கக் குழு ஒன்று செயற்கைக்கோள் துணையோடு அளந்து 8,850 என்றது. 2005இல் சீனா 8,844.43 என்றது. 2020 திசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன. இந்த நான்கில் ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் நான்கு பேர் அடுத்தடுத்து வந்து எண்ணை மாற்றினால் கட்டுரை ஊசலாடிக்கொண்டே இருக்கும். பழக்கப்பட்ட தொகுப்பாளர் செய்வது வேறு. சீனாவின் 2005ஆம் ஆண்டு எண் உச்சியிலுள்ள பாறையின் உயரத்தைக் குறிக்கிறது, மற்றவற்றில் உச்சியின் மேல் உறைந்துள்ள பனியும் அடக்கம் என்ற வேறுபாட்டை அவர் முதலில் கண்டுபிடிப்பார். பிறகு அண்மைய, இரு நாடுகளும் ஏற்ற எண்ணை முதல் பத்தியில் வைத்து, மற்றவற்றை யார், எப்போது, எதை அளந்தார்கள் என்ற விவரத்தோடு உள்ளே ஒரு பகுதியில் தருவார். சண்டை போட்ட நான்கு எண்களும் அப்போது ஒரே கட்டுரைக்குள் அமைதியாக உட்கார்ந்துவிடும். 'உயரம் 8,844 மீட்டர்' என்று எழுதுவது தவறாகப்படலாம்; '2005ஆம் ஆண்டுச் சீன அளவீட்டின்படி பாறையின் உயரம் 8,844.43 மீட்டர்' என்று எழுதுவதை எவரும் மறுக்க முடியாது. தொகுப்புக் கலை என்று ஒன்று இருக்குமானால் அது பெரும்பாலும் இந்த 'இன்னாரின்படி' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

தனிக்கட்டுரை தொடங்குவதற்கு இன்னொரு வாயில் உண்டு: குறிப்பிடத்தக்கமை. ஒருவரையோ ஒன்றையோ பற்றி, அவரோடு தொடர்பில்லாத நம்பத்தகுந்த வெளியீடுகள் விரிவாக எழுதியிருந்தால்தான் தனிக்கட்டுரை நிற்கும். சொந்த வலைத்தளம், நேர்காணலில் தாமே சொன்னவை, நிறுவனத்தின் செய்தி அறிக்கை ஆகியவை இதற்குக் கணக்கில் வாரா. இவ்விதி விளம்பரத்தைத் தடுக்கிறது என்பது மெய்; ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2018 அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோது டோனா சிட்ரிக்லாண்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிச் சமர்ப்பித்த வரைவு, அவரோடு தொடர்பில்லாத சான்றுகள் போதவில்லை என்று ஏற்கப்படாமல் போயிருந்தது. சரிபார்த்தவர் விதிப்படிதான் நடந்தார். ஊடகங்கள் யாரைப் பற்றி எழுதினவோ அவர்களையே விக்கிப்பீடியா எழுதும் என்பதால், ஊடகங்களின் புறக்கணிப்பு அப்படியே இங்கும் வந்து சேர்கிறது. ஆங்கிலப் பதிப்பின் வாழ்க்கை வரலாறுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே பெண்களைப் பற்றியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் குறையை விக்கிப்பீடியாவுக்குள் இருந்து மட்டும் தீர்க்க முடியாது என்பது என் கருத்து.

சரி, எப்படித் தொடங்குவது? பொத்தான்கள் கடினமானவை அல்ல என்பதால் அவற்றில் அதிகம் நிற்கவில்லை. 'தொகு' என்பதைச் சொடுக்கினால், சொற்செயலியில் எழுதுவது போன்ற பக்கம் திறக்கும். 'மூலத்தைத் தொகு' என்பதில் குறிகளோடு கூடிய மூல வடிவம் திறக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை இட்டால் [[இவ்வாறு]] அது அந்தப் பெயருள்ள கட்டுரைக்கு இணைப்பாகும். அந்தக் கட்டுரை இல்லையென்றால் சிவப்பாகத் தெரியும். யாராவது எழுதுவதற்கான அழைப்பு அது. சமக்குறிகள் இரண்டிரண்டாக இருபுறமும் வந்தால் தலைப்பு. பழகிப் பார்க்க மணல்தொட்டி என்ற பக்கம் இருக்கிறது. அங்கே எதைக் கெடுத்தாலும் குற்றமில்லை. கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். கணக்கில்லாமல் தொகுத்தால் முன்பெல்லாம் உங்கள் ஐபி முகவரி வரலாற்றுப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி பதிந்துவிடும். அண்மைக் காலத்தில் அதற்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்குப் பெயர் பதியும் முறை பல பதிப்புகளுக்கு வந்துள்ளது. எப்படியாயினும், பேசிப் பழக ஒரு பெயர் இருப்பது உங்களுக்கும் மற்றவர்களுக்கும் வசதி.

பொத்தான்களைவிட முக்கியமானது மாற்றத்தைச் சேமிக்கும்முன் வரும் சுருக்கப் பெட்டி. அதை வெற்றாக விடாதீர்கள். 'பிறந்த ஆண்டு திருத்தம், இன்ன நூல், இன்ன பக்கம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் திருத்தத்தைத் திருப்பியவர் ஒருவேளை நிதானித்திருப்பார். ஒரே தொகுப்பில் பத்து இடங்களை மாற்றாதீர்கள். ஒன்று பிடிக்காதவர் பத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுவார். எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, 'சான்று தேவை' என்ற குறி தொங்கும் வாக்கியம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். 'சான்று தேவை' குறியைக் கண்டு நூலகத்தில் ஒரு மாலை தேடி, கடைசியில் அந்தச் செய்தியைப் பக்க எண்ணோடு கண்டுபிடித்துச் சேர்ப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. புதிதாக ஐந்து கட்டுரை தொடங்குவதைவிட இது பயனுள்ளது என்பேன். பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் முதல் திருத்தம் நீக்கப்பட்டதற்குக் காரணம் பதிப்புரிமை. ஒரு நூலிலிருந்து மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்து எழுதிவிட்டு, அடியில் நூலின் பெயரையும் ஒழுங்காகக் குறிப்பிட்டிருந்தேன். பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. நீங்கள் 'வெளியிடுக' என்று சொடுக்கும்போது உங்கள் எழுத்தை, பெயரைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் எவரும், வணிகத்துக்குக்கூட, எடுத்தாளலாம் என்ற படைப்பாக்கப் பொதும (Creative Commons) உரிமத்தில் கொடுக்கிறீர்கள். மற்றவருடைய எழுத்தை அப்படிக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. செய்தி பொதுச்சொத்து, அதைச் சொன்ன சொற்கள் எழுதியவருடையவை. எனவே படித்து, நூலை மூடிவைத்துவிட்டு, உங்கள் சொற்களில் எழுதுங்கள். படங்களுக்கும் இதே கணக்கு. தேடுபொறியில் கிடைத்த படத்தை ஏற்றக் கூடாது, நீங்களே எடுத்ததாகவோ ஏற்கெனவே அத்தகைய உரிமம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். படங்களைப் பொதுவில் சேர்த்துவைக்க 2004 முதல் விக்கிமீடியா பொதுவகம் என்ற தனித் தளம் இருக்கிறது.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது கண்டிப்பு இரு மடங்கு. 2005இல் ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையில் அவர் சந்தேகிக்கப்பட்டவர் என்ற அப்பட்டமான பொய்யை யாரோ வேடிக்கையாக எழுதிவைக்க, நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. அவர் நாளிதழில் எழுதிய பிறகே ஊருக்குத் தெரிந்தது. அதன் விளைவாக ஆங்கிலப் பதிப்பில் கணக்கில்லாதவர் புதிய கட்டுரை தொடங்குவது அந்த ஆண்டு திசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. உயிருடன் இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத பழிச்சொல்லை எவரும் விவாதமின்றி உடனே நீக்கலாம் என்ற விதியும் அதைத் தொடர்ந்து வந்தது. உங்களைப் பற்றியோ, உங்கள் குடும்பத்தாரைப் பற்றியோ, உங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தைப் பற்றியோ நீங்களே எழுதாமல் இருப்பது நல்லது. பணம் பெற்று எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலிகளைக் கொண்டு கட்டுரை எழுதி ஒட்டுவோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். அந்தச் செயலிகள் இல்லாத நூலுக்குப் பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் கொடுத்துவிடுகின்றன. ஒரு சான்று பொய் என்று தெரிந்தால் முழுக் கட்டுரையும் போய்விடும். வேறு மொழியிலிருந்து மொழிபெயர்ப்பவர்களும், எடுத்த பதிப்பைச் சுருக்கத்தில் குறிப்பிடுவதோடு, அடிக்குறிப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுக் கொண்டுவருவது நல்லது. அந்த மொழியில் எழுதியவரின் பிழையை உங்கள் பெயரில் மறுபதிப்புச் செய்வானேன்?

இப்போது நம்பிக்கை பற்றிய முதல் கேள்வி. 2005இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிடச் செய்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக முன்னதில் நான்கு பிழைகளும் பின்னதில் மூன்று பிழைகளும் இருந்தன. ஒப்பீட்டு முறையே தவறு என்று பிரிட்டானிக்கா மறுத்தது. இந்த ஒப்பீட்டை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பழைய கணக்கு, அறிவியலுக்கு மட்டும் எடுத்த கணக்கு என்பதை விட்டுவிடுகிறார்கள். 'விக்கிப்பீடியா' என்ற ஒட்டுமொத்தத்துக்கு மதிப்பெண் போடுவதில் எனக்கு ஈடுபாடில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் தனித்தனிச் சமூகங்களும் தனித்தனி விதிகளும் கொண்டு இயங்கும் பதிப்புகள் அவை. ஆங்கிலத்தில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் மருத்துவம், இயற்பியல் போன்ற பலர் கண்பட்ட கட்டுரைகளும் உண்டு, எழுதிய நாளிலிருந்து எவரும் எட்டிப்பாராதவையும் உண்டு. கண்கள் குறைந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, இசுகாட்லாந்தில் பேசப்படும் இசுகாட்டு மொழியின் விக்கிப்பீடியா சான்று. அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர், ஆங்கிலச் சொற்களின் எழுத்தை வளைத்து அதுவே இசுகாட்டு மொழி என்று எண்ணிக்கொண்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக எழுதியிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. தடுத்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

சான்று இருந்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2009 பிப்ரவரியில் செருமனியின் புதிய பொருளாதார அமைச்சராகக் கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க் அறிவிக்கப்பட்டபோது, ஏற்கெனவே பத்துப் பெயர்கள் கொண்ட அவருடைய நீண்ட முழுப்பெயரில் 'வில்கெல்ம்' என்று ஒன்றை விளையாட்டாக ஒருவர் விக்கிப்பீடியாவில் நுழைத்தார். அவசரத்தில் இருந்த இதழ்கள் அதைப் பார்த்து அப்படியே வெளியிட்டன. பிறகு விக்கிப்பீடியாவில் ஐயம் எழுந்தபோது, அந்த இதழ்களே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. பொய் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டது. ஆகவே அடிக்குறிப்பில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். அந்தச் சான்று எந்த நாளில் வெளியானது, அந்தச் செய்தி கட்டுரையில் எந்த நாளில் நுழைந்தது என்பதை வரலாற்றுப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கட்டுரை முந்தி, சான்று பிந்தியிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உங்கள் நெறியாளர் சொல்வது சரியே. அவர் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். யார் வேண்டுமானாலும் எழுதுகிறார்கள் என்பதால் கூடாது என்று அவர் சொன்னால், அச்சுக் கலைக்களஞ்சியத்தையும் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவது வழக்கமில்லையே என்று நீங்கள் பணிவாகக் கேட்கலாம். கலைக்களஞ்சியம் எதுவாயினும் பிறர் கண்டதன் சுருக்கம். ஆய்வாளர் சுருக்கத்தில் நிற்காமல் மூலத்துக்குப் போக வேண்டும். மூலத்துக்குப் போகும் வழியாக விக்கிப்பீடியாவைப் போல வசதியானது எனக்குத் தெரிந்து வேறில்லை. முதல் பத்தியைப் படித்துப் பொருளின் எல்லையைத் தெரிந்துகொண்டு, நேரே அடிக்குறிப்புகளுக்கு இறங்கி, அங்குள்ள நூல்களைத் தேடி எடுத்து, அவற்றை மேற்கோள் காட்டுங்கள். நீங்கள் கண்ணால் பார்க்காத நூலை விக்கிப்பீடியா சொன்னதை வைத்துக் காட்டாதீர்கள். ஒரே பொருளுக்கு வேறு மொழிப் பதிப்பையும் திறந்து பாருங்கள், முற்றிலும் வேறான நூற்பட்டியல் அங்கே இருக்கக்கூடும். விக்கிப்பீடியாவே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் மேற்கோள் காட்டத்தான் வேண்டும். அப்போது கட்டுரையின் வழக்கமான முகவரியைக் கொடுத்தால் நாளை அங்கே வேறு வாசகம் இருக்கும். பக்க வரலாற்றில் அந்த நாளுக்குரிய வடிவத்தின் நேரத்தைச் சொடுக்கினால் கிடைக்கும் மாறாத முகவரியைக் கொடுங்கள்.

எழுத்தாளரின் பிறந்த ஆண்டுக்கு இனி நீங்கள் செய்யக்கூடியது இது. திருப்பியவரை மீண்டும் திருப்பாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் திருப்பினால் ஆங்கிலப் பதிப்பில் தடை விழும், மற்ற பதிப்புகளிலும் திருப்புப் போரை எவரும் இரசிப்பதில்லை. உங்கள் தாத்தாவிடம் அந்த எழுத்தாளரின் நூல்கள் இருக்கும். தன்வரலாறு எழுதியிருந்தால் அதில், இல்லையென்றால் முன்னுரைகளிலும் பின்னட்டைக் குறிப்பிலும், மறைந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளிலும் தேடுங்கள். தேசிய நூலகங்களின் அட்டவணையில் ஆசிரியர் பெயரோடு பிறந்த ஆண்டும் பல வேளைகளில் இருக்கும். கிடைத்ததும் உரையாடல் பக்கத்தில், 'கட்டுரையில் இன்ன நூலை வைத்து 1931 என்று உள்ளது, ஆசிரியரின் தன்வரலாறு, முதல் பதிப்பு, இன்ன பக்கத்தில் 1929 என்கிறார், இரண்டையும் குறிப்பிடலாமா?' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். நான்கு அலைக்குறிகளை இட்டால் பெயரும் நேரமும் தாமே வந்துவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். யாரும் மறுக்காவிட்டால் நீங்களே மாற்றுங்கள். சுருக்கப் பெட்டியில் 'காண்க: உரையாடல் பக்கம்' என்று எழுத மறக்காதீர்கள்.